உம் என்றால் போதும்

நவநீதனுக்கு என்மேல் மரியாதை உண்டு. போன வருஷம் அவன் கம்பெனியின் 'இசைவு' ப்ளக்-இன்னில் லாரி நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். பதிலுக்குக் கூரியரில் ஒரு காபிக் கோப்பை வந்தது. கோப்பையில் சிரிக்கிற வாய் ஒன்று, அதன் கீழே கம்பெனியின் விளம்பர வாசகம்: 'உம் என்றால் போதும்!' அந்தக் கோப்பையில் இப்போது பாத்திரத் தொட்டி தேய்க்கிற பிரஷ் நிற்கிறது. அதற்குமேல் அதற்குத் தகுதி கிடையாது.

என் பெயர் தமயந்தி. கோயமுத்தூரில், வடவள்ளியில் வீடு. வலைத்தளங்களில் ஓட்டை பார்ப்பது தொழில். திருடன் வருவதற்கு முன்னால் நான் போய்ப் பூட்டை ஆட்டிப் பார்த்து, ஆடுகிறது என்று சொல்லுவேன். சொன்னால் வீட்டுக்காரனுக்குக் கோபம் வரும். பூட்டின் மேல் அல்ல, என்மேல்.

இப்போது யார் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்? குரலெழுத்துச் சட்டம் வந்ததிலிருந்து எல்லாம் வாய்மொழிதான். ஆளுக்கொரு காதுமணியை மாட்டிக்கொண்டு திரிகிறோம். அதற்கு நம் குரல் அத்துப்படி. எல்லாத் தளங்களுக்குள்ளும் நம்மை எந்நேரமும் உட்கார வைத்திருக்கும். பாஸ்வேர்டு, ஓடிபி என்று நம்மைப் பெற்றவர்கள் பட்ட பாடு நமக்கு இல்லை. கேஸ் சிலிண்டரா, பள்ளிக்கூடமா, கோர்ட் விவகாரமா, தளம் கேட்கும், நாம் வாயால் சொன்னால் தீர்ந்தது. அப்படிச் சொன்னதைக் காதில் வாங்கி, 'இவர் சம்மதித்துவிட்டார்' என்று தளத்துக்குச் சொல்கிற துண்டு நிரல்தான் இசைவு. எந்தத் தளக்காரனும் அதைத் தன் தளத்தில் செருகிக்கொள்ளலாம். இலவசம் என்றதும் அரசாங்க அலுவலகம் முதல் அரிசிக்கடை வரை செருகிக்கொண்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தராவது பார்க்கவேண்டுமே? மூச்!

ஆரம்பத்தில் 'நான் சம்மதிக்கிறேன்' என்று முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஜனங்களுக்கு வாய் வலிக்கிறது என்று நவநீதன் ஒரு சர்வே எடுத்தான். தமிழர்கள் ஒப்புதலை எப்படி 'இயல்பாக' வெளிப்படுத்துகிறார்கள்? விடை வந்தது: 'உம்'.

இதே மண்ணில் பிறந்து வளர்ந்தவன், உம் என்றால் சம்மதம் என்று நம்பினான்! உம் என்றால் காதில் விழுகிறது, மேலே சொல்லு என்று அர்த்தம். பல நேரம் அதுகூட இல்லை, நான் இன்னும் தூங்கவில்லை என்றுதான் அர்த்தம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் தன் பெண்டாட்டியிடமிருந்து எத்தனை உம் வாங்கியிருப்பான், அதில் எத்தனை சம்மதம் என்று அந்த மேதாவி ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.

பூங்கோதையை ஒரு வக்கீல் என்னிடம் அனுப்பிவைத்தார். சாய்பாபா காலனியில் ஒரு பேக்கரியில் கேக்குக்கு க்ரீம் வைத்துப் பெயர் எழுதுகிறவள். முப்பது வயது இருக்கும். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். காபி போடட்டுமா என்றேன். "சரிங்க்கா" என்றாள். ஃபேன் வைக்கட்டுமா என்றேன். அதற்கும் "சரிங்க்கா". எங்கள் ஊரில் அந்த வார்த்தை இல்லாமல் பேச்சே நகராது. அதனால் நானும் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

"எம் பொண்ணை வாங்கிட்டுப் போய்ட்டாங்கக்கா" என்றாள். "நானே சம்மதிச்சுக் குடுத்துட்டேன்னு கோர்ட்ல சொல்றாங்க."

"சம்மதிச்சியா கண்ணு?"

"இல்லீங்க்கா. ஆனா கொரல் என்னுதுதானுங்க."

புருஷன் தினகர் விவாகரத்து வாங்கிக்கொண்டு போனவன். மகள் இதழினிக்கு ஏழு வயது. அம்மாவிடம் இருந்தாள், வாரக் கடைசியில் அப்பாவிடம் போய்வருவாள். அது அவனுக்குப் போதவில்லை. 'மகளின் முழுப் பொறுப்பையும் தந்தைக்கு விட்டுக்கொடுக்கிறேன்' என்று குடும்பநலக் கோர்ட் தளத்தில் ஒரு விண்ணப்பம் போட்டான். அது பூங்கோதையின் சம்மதத்துக்காக அவள் கணக்கில் வந்து காத்திருந்தது. அவள் மறுத்தாள். மறுபடி போட்டான். மறுபடி மறுத்தாள். மறுபடி போட்டான். பெற்ற பிள்ளையைக் கேட்டு மனுப் போடுகிறவனா, கடன்காரனா என்று தெரியாத அளவுக்குப் போட்டுக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கு நான் தோசை ஊத்திட்டு இருந்தேனுங்க. எங்கூட்டு அம்மிணி சமையல் மேடை மேல உக்காந்து டேப்லட்டைப் பாத்துக் கதை சொல்லிட்டு இருந்தா. அப்பா புதுசா ஒரு கதை லிங்க்கு அனுப்பிருக்காருன்னா. யானை ஒண்ணு கெணத்துல உளுந்துருதுங்க. அவொ ஒரு வரி படிப்பா, நான் உம் கொட்டோணும். கொட்டுனாத்தான் அடுத்த படம் வரும். நான் தோசையைத் திருப்பிக்கிட்டே உம், உம்முன்னு கொட்டிக்கிட்டு இருந்தேன். காதுல டிங்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. சிலிண்டரு புக் ஆயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

மறுநாள் தினகர் கோர்ட் உத்தரவோடும் ஒரு பெண் போலீஸோடும் வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

"கேஸை விடுங்க்கா, அதை நடத்திக்கலாம்" என்றாள். "அவங்கப்பன் அவகிட்டச் சொல்லிட்டானுங்க. 'உங்கம்மாவைக் கேட்டேன், உம்முன்னுட்டா'ன்னு. போன் பண்ணுனா எம் பொண்ணு வேற எதுவும் பேசறதில்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா. 'ஏம்மா உம்முன்னு சொன்னே?'"

எனக்கு அழுகை சுலபத்தில் வராது. கோபம்தான் வரும். அன்றைக்கு இரண்டும் வந்தது.

"இதுல என்ன நடந்துச்சுன்னே எனக்குப் புரியிலீங்க்கா" என்றாள்.

"உங்க அபார்ட்மென்ட்டுல வாட்ச்மேன் இருக்கான்னு வெச்சுக்க. உன் மூஞ்சி அவனுக்குத் தெரியும். நீ வந்தா கதவைத் திறப்பான், உன் கையில இருக்கற சீட்டை வாங்கி ஆபீஸ்ல குடுப்பான். ஒருநாள் வேற எங்கயோ கடைக்குப் போயிட்டு வர்றே. அந்தக் கடைக்காரன் உனக்குத் தெரியாம உன் பையில ஒரு சீட்டைப் போட்டு விட்டுட்டான். வாட்ச்மேன் உன் மூஞ்சியைப் பாத்தான், பையில இருந்த சீட்டை எடுத்தான், அம்மா குடுத்தாங்கன்னு ஆபீஸ்ல குடுத்துட்டான். வந்தது நீதான். சீட்டு உன்னுது இல்ல."

"கதைப் பக்கந்தான் அந்தக் கடைங்களா?"

"அதேதான். நீ உம் கொட்டுனது உன் பொண்ணோட யானைக்கு. அந்தப் பக்கம் அதைப் புடிச்சு, 'காத்திருக்கற விண்ணப்பத்துக்கு இவங்க உம்முன்னு சொல்றாங்க'ன்னு கோர்ட் தளத்துக்கு அனுப்பிருச்சு. உன் காதுமணிதான் எந்நேரமும் கோர்ட்டுக்குள்ள உக்காந்திருக்கே! அதனால அங்க எவனும் ஒரு கேள்வி கேக்கல."

"அப்ப வாட்ச்மேனை வெச்சது யாருங்க்கா?"

நல்ல கேள்வி. வாட்ச்மேனை வைத்தவனைப் பார்க்கச் சரவணம்பட்டிக்குப் போனேன்.

நவநீதனின் ஆபீஸில் வரவேற்பறையிலேயே ஊஞ்சல் இருக்கிறது. அறிவு இருக்கவேண்டிய இடங்களில் எல்லாம் ஊஞ்சல், பீன் பேக் மெத்தை, இலவசக் கடலைமிட்டாய். அவன் எழுந்து வந்து கை கொடுத்தான்.

"மேடம்! உங்க ரிப்போர்ட் படிச்சேன். சூப்பர் ரிப்போர்ட். மக் வந்துச்சா?"

"வந்துச்சு. அந்த உம் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு உங்க ப்ளக்-இன் கேக்குதா நவநீதன்?"

"எதுக்கு மேடம் கேக்கணும்? குரல் மேட்ச் ஆகுது, காதுமணி மேட்ச் ஆகுது."

"கேள்வி மேட்ச் ஆகுதா?"

சிரித்தான். பணக்கார வீட்டுப் பல். "கேள்வியைத் திரும்பக் கேட்டா யூசருக்கு ஃப்ரிக்ஷன் மேடம்."

ஃப்ரிக்ஷன் என்றால் உராய்வு. ஒருத்தி தன் குழந்தையை விட்டுக்கொடுக்கிற இடத்தில்கூட எதுவும் கொஞ்சம் உராய்ந்துவிடக் கூடாதாம். வழவழவென்று போய்விட வேண்டுமாம். பூங்கோதையின் கதையைச் சொன்னேன். கடலைமிட்டாயைக் கடித்தபடி கேட்டான். நடுநடுவே 'உம், உம்' என்று தலையை ஆட்டினான். அவன் காதில் டிங் என்று ஏதாவது கேட்கக்கூடாதா என்று ஏங்கினேன்.

"சோ சாட் மேடம்" என்றான் கடைசியில். "பட், அது அவங்க ஃபேமிலி மேட்டர் இல்லையா? லிங்க்கை அனுப்புனது ஹஸ்பெண்ட்."

"அவன் அயோக்கியன், அதுல சந்தேகமே இல்ல. எவனோ ஒரு அரைகுறை சல்லிக்காசுக்கு அந்தக் கதைப் பக்கத்தைச் செஞ்சு குடுத்திருக்கான். ஆனா கதவைத் திறந்து வெச்சது நீங்க. இதை அடைக்கறது அரைநாள் வேலை. கோர்ட் பக்கம் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு வார்த்தை குடுக்கட்டும். இன்னிக்கு 'மாம்பழம்', நாளைக்கு 'தண்டவாளம்'. அதைத் திருப்பிச் சொன்னாத்தான் சம்மதம். கதைப் பக்கத்துக்கு அந்த வார்த்தை என்னன்னு தெரியாது, அதால போலி பண்ண முடியாது. அவ்வளவுதான்."

"மாம்பழமா? கோர்ட்லயா?" அவன் நிஜமாகவே பயந்துபோனான். "பிராண்ட் இமேஜ் என்ன ஆகும் மேடம்?"

கிளம்பும்போது இன்னொரு கோப்பை கொடுத்தான். வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு வீட்டுக்கு எத்தனை பிரஷ் வேண்டும்?

அந்தச் சம்மதம் செல்லாது என்று பூங்கோதை கம்பெனியையும் சேர்த்து மனுப் போட்டிருந்தாள். கோர்ட்டில் கம்பெனி வக்கீல் ஒரே பல்லவியைத்தான் பாடினார். குரல் மனுதாரருடையது, காதுமணி மனுதாரருடையது, கணக்கு மனுதாரருடையது, ஆகவே சம்மதமும் மனுதாரருடையது. தினகர் முதல் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். குழந்தைக்குக் கதை அனுப்புவது ஒரு குற்றமா என்று கேட்டான். கேட்கும்போது அவன் முகத்தில் ஒரு பாசம் வழிந்தது பாருங்கள், துடைத்து எடுக்கத் துண்டு தேவைப்படும்.

நிபுணர் சாட்சியாக நின்ற என்னை நீதிபதியம்மா பார்த்தார். "நீங்க சொல்றது எனக்கு விளங்கல. வேற குரல் இல்ல, வேற ஆள் இல்ல. அப்புறம் எப்படிப் போலி?"

"அனுமதி குடுத்தீங்கன்னா செஞ்சே காட்டறேனுங்க அம்மா."

"செய்யுங்க."

ஒரு கதைப் பக்கத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். எழுத்தர் அதை நீதிபதியம்மாவின் மேசைத் திரையில் திறந்தார். பூனைப் படம் வந்தது.

"ஒரு ஊர்ல ஒரு பூனை இருந்துச்சுங்க அம்மா. அதுக்குப் பால்காரன் மேல ரொம்பக் கோபம்."

நீதிபதியம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"ஏன்னா அவன் பால்ல தண்ணி கலந்துட்டே இருந்தான். பூனை யோசிச்சுது, இவனுக்கு ஒரு பாடம் கத்துக்குடுக்கணும்னு."

"உம்" என்றார். "மேல சொல்லுங்க."

டிங். பூனைக்குப் பதிலாகத் திரையில் எழுத்துகள் வந்தன. எது வரும் என்று எனக்கே தெரியாது. அவர் பெயரில் எந்தத் தளத்தில் எது காத்திருக்கிறதோ, அது. நீதிபதியம்மா குனிந்து படித்தார். முகம் வெளிறியது.

"எங்க அபார்ட்மென்ட் சங்கம்" என்றார் மெதுவாக. "செயலாளர் பொறுப்பை ஏற்க நான் சம்மதிச்சுட்டேனாம்." யாரோ பின்னால் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷமா இதுல இருந்து தப்பிச்சுட்டு வர்றேன். லிஃப்ட் சண்டை, தண்ணி டேங்க் சண்டை, நாய் சண்டை... கடவுளே!"

கம்பெனி வக்கீல் எழுந்தார். "மை லேடி, குரல் தங்களுடையதுதானே..."

"என்னுதுதான். உக்காருங்க."

உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. பூங்கோதையின் பெயரில் பதிவான சம்மதம் செல்லாது. குழந்தையை அன்றே தாயிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை நல்ல உத்தரவுதான். கடைசிப் பத்தியில் கம்பெனிக்கும் ஒன்று இருந்தது: 'இனி "உம்" என்ற ஒலியைச் சம்மதமாகக் கருதக்கூடாது.' மாம்பழத்தைப் பற்றி நான் அரைமணி நேரம் பேசியிருந்தேன். கோர்ட்டும் எனக்கு உம் கொட்டியிருக்கிறது போலும். தினகரின் கதைப் பக்கத்தைத் தனியாக விசாரிக்க வேண்டுமாம். அந்த விசாரணை எந்த யுகத்தில் வருமோ? அதற்குள் அவன் புதிதாக ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டான். பூங்கோதை மறுக்க மறுக்கப் போட்டுக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாளில் நவநீதன் போன் செய்தான். குரலில் கொண்டாட்டம்.

"மேடம், ஃபிக்ஸ் பண்ணியாச்சு! புது வெர்ஷன் எல்லா சைட்டுக்கும் போயிடுச்சு. உங்களுக்கு ஒரு லிங்க் அனுப்பிருக்கேன், திறந்து பாருங்க."

திறந்தேன். ஓட்டை பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள், ஒருத்தன் அனுப்பிய லிங்க்கை அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே திறந்தேன். என்னையும் கழுவி ஊற்றுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

"என்ன பண்ணுனீங்க?"

"கோர்ட் சொன்னபடி உம்மை எடுத்தாச்சு மேடம். இனிமே 'சரி'ன்னு தெளிவா சொன்னாத்தான் சம்மதம்."

"எந்தப் பக்கம் கேட்டுச்சுன்னு பாக்கறீங்களா?"

"அது ரோட்மேப்ல இருக்கு மேடம், அப்புறமா பண்ணிடலாம்."

"நவநீதன், நீங்க கோயமுத்தூர்க்காரர்தானே? இந்த ஊர்ல ஒருத்தர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொல்றாங்கன்னு தெரியாதா உங்களுக்கு?"

"அதான் மேடம் யூசர் அடாப்ஷன் பிரமாதமா இருக்கு! ஒரே வாரத்துல சம்மதம் எல்லாம் மூணு மடங்கு ஆயிடுச்சு."

இவனிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. சுவருக்காவது தன்னைப் பற்றிப் பெருமை கிடையாது. "சரி, போனை வைங்க" என்றேன்.

டிங்.

'நன்றி. புதிய பதிப்பைப் பரிசோதித்துச் சான்றளித்த நிபுணராகத் தங்கள் பெயரையும் படத்தையும் வெளியிடத் தங்கள் இசைவு பெறப்பட்டது.'

"பாத்தீங்களா மேடம்" என்றான் நவநீதன், நிஜமான சந்தோஷத்தோடு. "எவ்வளவு ஸ்மூத்!"

இப்போது இசைவு தளத்தின் முகப்பில் என் படம் இருக்கிறது, பக்கத்தில் பச்சை நிற டிக். அதை நீக்க ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். 'சான்றை விலக்கிக்கொள்ள விரும்புகிறீர்களா?' என்று கேட்கும். விரும்பினால் 'சரி' என்று சொல்ல வேண்டும். அந்தச் சரி எந்த விண்ணப்பத்தில் போய் ஒட்டுமோ, யார் கண்டது? காதுமணியைக் கழற்றி எறிந்துவிட்டு இதை எழுதுகிறேன் என்று சொல்ல ஆசைதான். எறிந்தால் ரேஷன் அரிசிகூட வராது.

என் படத்தைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம் என்று பூங்கோதைக்கு போன் செய்தேன். தினகரின் விண்ணப்பம் அவள் கணக்கில் காத்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கத்தில் என்ன ஒளித்துவைத்திருக்கிறானோ. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை ஒரே ஒரு தடவை, தப்பான இடத்தில் விழுந்தால் போதும், குழந்தை போய்விடும்.

"பூங்கோதை, நான் சொல்றதைக் கேளு, பதில் சொல்லிடாத. நீ எதுக்கெடுத்தாலும் ஒரு வார்த்தை சொல்லுவியே, ரெண்டெழுத்து..."

"தெரியுமுங்க்கா" என்றாள். "கடையில முதலாளி ஒரு கேக்கு ஆர்டருக்கு அதைச் சொன்னாருங்க. அவரு காதுல டிங்குன்னுச்சு. எதுக்கோ நன்கொடை போயிருச்சாமா. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு. அன்னையில இருந்து நான் அதைச் சொல்றதேயில்லீங்க. கஸ்டமருங்க என்ன சொன்னாலும் தலைய மட்டும் ஆட்டறேன். திமிரு புடிச்சவன்னு பேசிக்கறாங்க."

"பேசிட்டுப் போறாங்க விடு. அம்மிணி எப்படி இருக்கா?"

"வந்த புதுசுல வாயே தெறக்கலீங்க்கா. இந்த உம்முனாலதான் தன்னையப் புடுச்சுட்டுப் போனாங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. கதை சொல்றதையே வுட்டுட்டா. முந்தாநேத்து அவளே வந்து, 'அம்மா, நான் கதை சொல்றேன், ஆனா நீ உம் கொட்டப்படாது'ன்னா. டேப்லட்டும் வேண்டாமுன்னுட்டா. அப்புறம் எப்படிச் சாமின்னு கேட்டேன். 'நான் சொன்னதை நீ திருப்பிச் சொல்லோணும். அப்பத்தான் நீ எனக்குத்தான் சொல்றீன்னு எனக்குத் தெரியும்'ங்கறா."

வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். பீன் பேக் இல்லாமல், கடலைமிட்டாய் இல்லாமல், ரோட்மேப் இல்லாமல் நான் மாம்பழம் மாம்பழம் என்று கத்தியதை அந்த ஏழு வயசுக்காரி செய்து முடித்துவிட்டாள்.

"அக்கா, லைன்ல இருக்கறீங்களா?"

"இருக்கேன் கண்ணு. அப்ப... ஜாக்கிரதையா இரு."

"இருக்கறேனுங்க்கா."

"அப்புறம்..."

"அப்புறமுங்க்கா..."

இருவரும் நின்றுவிட்டோம். இந்த இடத்தில் ஒருத்தர் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும், இன்னொருத்தர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், போனை வைக்க வேண்டும். பிறந்ததிலிருந்து எங்களுக்கு வேறு வழி தெரியாது. பட்டென்று வைத்தால் மரியாதை இல்லை. அவள் அங்கே மூச்சுவிடுவது கேட்டது. நான் இங்கே பிரஷ் வைத்த கோப்பையை வெறித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, வா!" என்று உள்ளேயிருந்து குழந்தையின் குரல் கேட்டது. "நான் எங்க விட்டேன்?"

"யானை கெணத்துல உளுந்துருச்சு, அது மேல பாத்து அவங்கம்மாவைக் கூப்புட்டுச்சு" என்று பூங்கோதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள்.

"கரெக்ட்டு" என்றாள் இதழினி. அடுத்த வரிக்குப் போனாள்.

போன் அப்படியே திறந்திருந்தது. யானை கரையேறும்வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு உம்கூடக் கொட்டவில்லை.